நோகுதெண்டு சொல்லாத கை

தாதி வேலை பழகுகிற பிள்ளைகளே, அந்தக் காலத்தில் ஊசியை எப்படிக் கொதிக்க வைத்தோம், பஞ்சை எப்படி உருட்டினோம் என்று கேட்க வந்திருந்தால் எழுந்து போய்த் தேத்தண்ணி குடியுங்கள். அதெல்லாம் உங்களுக்கு இனி உதவாது. சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. நான் சொல்ல வந்தது ஒரு கையைப் பற்றி. மருதமுனையில் தறி நெய்துகொண்டிருந்த றாவியா என்ற பெண்ணின் வலது கை. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் ஆத்திரமும் வருகிறது, அழுகையும் வருகிறது. ஆத்திரம் யார்மேல் என்று கேட்டால்தான் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. கல்முனைப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் தாதியாக இருந்தேன், சனத்துக்கு 'மிஸ்ஸி'. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அந்த நாட்களில் எங்கள் சனத்துக்கு ஊசி என்றால் உயிர். விழுங்கக் குளிசை கொடுத்தால் முகம் சுருங்கும், ஊசி என்றால் மலரும். அதிலும் நரம்பூசி என்றால் கேட்கவே வேண்டாம். கல்சியம் மருந்தை முழங்கை மடிப்பில் நரம்பு பார்த்து மெல்ல ஏற்றுவார்கள். ஏறும்போது உடம்பெல்லாம் இளஞ்சூடு பரவும். அந்தச் சூட்டுக்காகவே சனம் வரிசையில் நின்றது. பிள்ளை பெற்று இளைத்தவள், கடலில் வலை வலித்துக் களைத்தவன், காரணமே இல்லாமல் களைத்தவன் எல்லாருக்கும் நரம்பூசி வேண்டும்.

அந்த மருந்துக்கு இன்னொரு குணம் இருக்கிறது. நரம்புக்குள் போனால் சாது. ஊசி நழுவி மருந்து வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையைத் தின்றுவிடும். கசிந்த உடனே பிடுங்குவதுபோல் எரியும். பிறகு வீங்கும், தோல் கறுக்கும், கறுத்த தோல் கழன்று விழும். அடியில் ஒரு குழிப்புண் கிடக்கும். ஆனபடியால் ஊசி போடுகிறவனுக்குக் கிடைக்கிற முதல் எச்சரிக்கை நோயாளியின் கத்தல்தான். கத்தினால் நிறுத்திவிடலாம். கொஞ்சம்தான் கசிந்திருக்கும், கொஞ்சம்தான் சேதம்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே நரம்பூசி போடுகிறவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஓய்வு பெற்ற அப்போதிக்கரி. டொக்டர்மாருக்கு அடுத்த இடத்தில் மருந்து எழுதவும் ஊசி போடவும் படித்தவரைத்தான் நாங்கள் அப்போதிக்கரி என்போம். எங்கள் சேர்ச்சுக்காரர்தான். ஊருக்கெல்லாம் அவர் 'ஐயா'. எனக்கு நரம்பு பிடிக்கப் பழக்கியதும் அவர்தான். "நரம்பைக் கண்ணால தேடாத பிள்ள, விரலால தேடு" என்பார். கறுத்த, கொழுத்த, காய்ச்சலில் சுருண்ட எந்தக் கையிலும் ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பார். ஓய்வுக்குப் பிறகும் வாசலில் ஆள் வந்து நின்றால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். ஒரு மாரியில் வெள்ளம் வந்து ரோட்டெல்லாம் மூடிக் கிடந்தபோது, தோணியில் மருதமுனைக்குப் போய், இரத்தம் நிற்காமல் கிடந்த ஒரு பெண்ணையும் அவள் பெற்ற பிள்ளையையும் காப்பாற்றினார். அந்தப் பெண்தான் றாவியா.

றாவியா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவளுக்கு மூன்றாவது பிள்ளை கைக்குழந்தை. புருஷன் இஸ்மாலெவ்வையும் நெசவுகாரன். இரண்டு தறி, ஒன்றில் அவன், மற்றதில் இவள். அவன் தறியைவிட இவள் தறிச் சேலைக்குத்தான் கல்முனைக் கடைகளில் கேள்வி அதிகம் என்று அவனே பெருமையாகச் சொல்வான். வலது முழங்கை மடிப்பில் ஏதோ இலையை அரைத்துப் பூசி, பழந்துணியால் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"என்ன நடந்தது?" என்று டொக்டர் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி, ஆனால் அன்றைக்கு வெளியே நின்ற வரிசை வாசல் தாண்டிப் போயிருந்தது.

"கஞ்சி ஊத்துண்டுட்டு டொக்டர்" என்றான் இஸ்மாலெவ்வை. "நூலுக்குப் போடக் காய்ச்சின கஞ்சி."

நம்பக்கூடிய கதைதான். நூல் விறைத்து நிற்கக் கொதிகஞ்சியில் தோய்ப்பது அங்கே வீட்டுக்கு வீடு நடக்கிற வேலை. கஞ்சி பட்டு வெந்த கைகளுக்கு நாங்கள் எத்தனையோ முறை மருந்து கட்டியிருக்கிறோம். டொக்டர் தீப்புண்ணுக்குரிய மருந்தை எழுதினார். அப்போது வெறும் சிவப்பும் வீக்கமும்தான் தெரிந்தது. நான் கட்டி அனுப்பினேன்.

மறுபடி வந்தபோது கட்டை அவிழ்த்தேன். மடிப்பில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து, காய்ந்த தோல்செருப்புப் போல விறைத்திருந்தது. சுற்றிவரச் சிவப்பு. அதற்கு மேலும் ஒன்றுமில்லை, கீழும் ஒன்றுமில்லை. புறங்கை, விரல்கள் எல்லாம் சுத்தமாக இருந்தன. எனக்கு வாய் சும்மா கிடக்காது. "உங்கட வீட்டுக் கஞ்சி நல்ல மரியாதை தெரிஞ்ச கஞ்சிதான் கா. வேறெங்கயும் ஒரு சொட்டு விழாம நேரா மடிப்புக்குள்ள போய்க் குந்தியிருக்கு" என்றேன். றாவியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் கண்ணீரை நான் நோவின் கண்ணீர் என்றுதான் நினைத்தேன்.

டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, "யாராவது இந்த இடத்தில ஊசி போட்டவையோ?" என்று நேரடியாகவே கேட்டார். இருவரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். இஸ்மாலெவ்வை அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணப் போனான். றாவியா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "சத்தியம் மட்டும் வேணாம்" என்றாள். சத்தியத்துக்குப் பயந்தவள் எதை மறைக்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது.

இதில் என்ன பெரிய வித்தியாசம், புண் புண்தானே என்று நீங்கள் கேட்கலாம். பெரிய வித்தியாசம் இருக்கிறது. கஞ்சி பட்ட புண் மேல்தோலோடு நிற்கும். மருந்து கட்டிக் காத்திருந்தால் ஆறும். ஊசி மருந்து தின்ற புண் உள்ளே எவ்வளவு ஆழம் என்று மேலே பார்த்துத் தெரியாது. செத்த சதையை வெட்டி எடுக்க வேண்டும், கையை நீட்டிப் பலகை வைத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் தழும்பு சுருங்கிச் சுருங்கி முழங்கையை மடக்கியபடியே பிடித்துவிடும். றாவியாவோ நோவுக்குப் பயந்து கையை மடித்தே வைத்திருந்தாள். பிள்ளையையும் அந்த மடிப்பிலேயே ஏந்தினாள். தறியில் ஊடுநூல் கொண்டுபோகும் ஓடத்தை ஓட விடுகிற கயிற்றை இழுப்பது வலது கை. நீட்டி இழுக்க வேண்டும். மடங்கிய கையால் நெய்ய முடியாது. இது எனக்குத் தெரியும், டொக்டருக்குத் தெரியும், அவளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தும் கஞ்சி என்றாள்.

அன்றைக்கே சாய்ந்தமருதிலிருந்து ஒரு மீன்காரர் வந்தார். அதே இடத்தில், கொஞ்சம் சிறிய கறுப்பு. "தேத்தண்ணி பட்டிட்டு மிஸ்ஸி" என்றார். கஞ்சியும் தேத்தண்ணியும் ஒரே மடிப்பைத் தேடிப் போகுமா? அன்று பின்னேரம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே அப்போதிக்கரி ஐயா வீட்டுக்குப் போனேன்.

என்னைக் கண்டதும், இல்லை, என் குரலைக் கேட்டதும் என்று சொல்ல வேண்டும், அவருக்குச் சந்தோஷம். "வா பிள்ள, இரி" என்று தானே தேத்தண்ணி ஊற்றினார். இடக்கை விரல் நுனியைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டு ஊற்றினார். சூடு விரலைத் தொட்டதும் நிறுத்தினார். ஒரு துளி சிந்தவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கண் எப்பிடி?"

"கொஞ்சம் புகைச்சல் பிள்ள. வெளிச்சம் இருட்டு தெரியும், ஆள் போறது வாறது தெரியும். நரம்புக்குக் கண் என்னத்துக்கு? விரல் இரிக்கே."

விரல் இருந்தது உண்மை. நரம்பு எங்கே என்று விரல் சொல்லும். ஆனால் குத்திய ஊசி நரம்புக்குள்ளேயே இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று விரல் சொல்லாது. குழாய்க்குள் இரத்தம் வருகிறதா என்று கண் பார்க்க வேண்டும். தோல் புடைக்கிறதா என்று கண் பார்க்க வேண்டும். பார்வை போனவருக்கு மிஞ்சியிருந்தது நோயாளியின் வாய் ஒன்றுதான்.

நான் றாவியாவின் கையைப் பற்றிச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைத்துச் சொல்கிற ஆளும் நானில்லை. அவர் கோப்பையை வைத்துவிட்டார்.

"அந்தப் புள்ள ஒரு சத்தம் போடல்லையே" என்றார். "கைய அசைக்கவும் இல்ல. எரியிதா மகள் எண்டு நான் கேட்டன். இல்ல ஐயா, நல்லாப் போகுது எண்டா. நான் முழுசையும் ஏத்தினன்."

"மீன்காரர்?"

"அவரும் ஒண்டும் சொல்லல்ல." தேத்தண்ணி தொட்ட விரலைத் துடைத்தார். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல பிள்ள."

சட்டையை மாற்றிக்கொண்டு, அப்போதே என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவதாக நின்றார். நான் காலையில் போகலாம் என்றேன், கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் சனம் எழுந்து நின்று "ஐயா, தண்ணிக் கான் இரிக்கி", "ஐயா, கல் கிடக்கு, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவர் கண் போனது ஊருக்கே தெரிந்திருக்கிறது, எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியாது! அந்த மனிதர் கல்லில் தடுக்கி விழாமல் பார்த்துக்கொண்ட அதே சனம், அவரிடம் கையை நீட்டிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

டொக்டர் றாவியாவை அன்று வார்ட்டில் நிறுத்தியிருந்தார். ஐயா கட்டிலடியில் போய் நின்றார். கட்டுப்போட்ட கையைத் தேடித் தடவினார்.

"மகள், இது நான் போட்ட ஊசிதானே?"

றாவியா முக்காட்டை இழுத்துவிட்டாள். "இல்ல ஐயா. கஞ்சி."

"ஏறக்குள்ள எரிஞ்சுதா மகள்? உண்மையச் சொல்லு."

"எரியல்ல ஐயா. கஞ்சிதான் ஐயா."

இஸ்மாலெவ்வைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "சொல்லு கா! வீட்ட வந்து தலகாணியக் கடிச்சிக் கிடந்தியே, சொல்லு!" என்று கத்திவிட்டான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஐயா அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டொக்டர் அவரிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. என்ன மருந்து, எவ்வளவு என்று மட்டும் கேட்டார். ஐயா சொன்னார். உடனே செத்த சதையை எடுக்க ஆயத்தம் செய்யச் சொன்னார் டொக்டர். நான் கூட நின்றேன். வெட்ட வெட்ட ஆழம் போய்க்கொண்டே இருந்தது. தசைநார் வெளியே தெரிந்தபோது டொக்டர் கத்தியை வைத்துவிட்டு, "மட்டக்களப்புக்கு அனுப்புவம். கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருந்தால்..." என்று சொல்ல வந்ததை நிறுத்தினார். அந்த வசனத்தின் மிச்சத்தை நான் இன்றைக்கும் மனசுக்குள் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

அனுப்புவதற்கு முதல் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஆத்திரத்தில்தான் கேட்டேன். "ஏன் கா இப்பிடிச் செஞ்ச? எரியிது எண்டு ஒரு சொல் சொல்லியிருந்தா ஐயா அந்த இடத்தில நிப்பாட்டியிருப்பாரே. உனக்குக் கை வேணாமா?"

"வேணாமெண்டு ஆரு சொன்ன மிஸ்ஸி?" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "வெள்ளத்துல தோணில வந்து எண்ட உசிரையும் புள்ளட உசிரையும் புடிச்சித் தந்த மனிசன். அவருக்கிட்ட நான் எரியிதெண்டு கத்தினா, நம்மட கண்ணால ஒரு புள்ளைக்கு நோவாகிப் போச்செண்டு ஊசிய கீழ வெச்சிருவாரு. மறுகா எங்கட ஊருக்கு ஆரு மிஸ்ஸி வருவாங்க? நீங்க வருவீங்களா?"

டொக்டர் வருவாரா? வெள்ளத்தில் தோணி ஏறி நான் போவேனா? பொலிஸ் வந்து ஐயாவைப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. அதை அவள் சொல்லவில்லை, இஸ்மாலெவ்வை பிறகு சொன்னான். எல்லாரும் சேர்ந்து அவரைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அவருக்கு ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவரும் தப்பியிருப்பார், அவள் கையும் தப்பியிருக்கும். அந்த அன்பை நினைத்து நான் கோபப்படுவதா, கும்பிடுவதா?

மட்டக்களப்பில் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறியது. கை நீளவில்லை. பாதிதான் நீண்டது. பிள்ளையைத் தூக்கலாம், சோறு பிசையலாம், கயிற்றை இழுக்க ஏலாது. அவளுடைய தறியில் இஸ்மாலெவ்வையின் தம்பி உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் இருந்து நூல் சுற்றிக் கொடுத்தாள். வாரத்துக்கு ஒருமுறை கல்முனைக்குச் சேலை கொண்டுவருகிறபோது இஸ்மாலெவ்வை என்னைக் கண்டால் நின்று கதைப்பான். ஒருநாள் சேலையொன்றை விரித்துக் காட்டி, "கரை கோணியிருக்கு பாருங்க மிஸ்ஸி. அவள் நெய்ததெண்டா இப்பிடி வராது" என்றான். நான் கரையைப் பார்க்கவில்லை, அவன் முகத்தைத்தான் பார்த்தேன்.

ஐயா அதற்குப் பிறகு ஊசியைத் தொடவில்லை. வாசலுக்கு வந்த சனத்தை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். சிலர் அவரோடு கோபித்துக்கொண்டார்கள். சிலர் என்னோடு கோபித்துக்கொண்டார்கள், "நீங்கதானே மிஸ்ஸி ஐயாட கையக் கட்டிப் போட்டீங்க" என்று. அவர் சேர்ச்சுக்கு வரும்போது கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். "அந்தப் புள்ளைக்கு இப்ப கை எப்பிடி?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "பரவாயில்ல ஐயா" என்பேன். அவருக்கு நானும் பொய்தான் சொன்னேன் பாருங்கள். அவருடைய முகத்தை நேரே பார்த்தால் உங்களுக்கும் வேறு சொல் வராது.

இனி உங்களுக்கு. நீங்கள் ஊசி போடுகிறபோது, "சத்தம் போடாத, என்ன பெரிய நோவு" என்று நோயாளியை அதட்டுகிறீர்களே, அது என் காதில் விழாமல் இல்லை. அந்த வாயை மூடப் பழக்காதீர்கள். எங்கள் சனம் ஏற்கெனவே நன்றாக மூடிக்கொள்ளும். டொக்டருக்கு மனம் நோகும், மிஸ்ஸிக்குக் கோபம் வரும், பெரிய மனிதர் முன்னால் கத்தினால் மரியாதையில்லை என்று எதற்காகவாவது மூடிக்கொள்ளும். அமைதியாகக் கிடக்கிற நோயாளியைப் பார்த்து, "நல்ல புள்ள" என்று சந்தோஷப்படாதீர்கள். ஊசியை எடுக்க முதல் சொல்லுங்கள், எரிந்தால் கத்து, அதுதான் நீ எனக்குச் செய்கிற உதவி என்று. ஒருமுறை சொன்னால் கேட்கமாட்டார்கள். அப்போதும் நீங்கள் அவர்களுடைய வாயை நம்பாதீர்கள். முகத்தைப் பாருங்கள், மற்றக் கை எதை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள், கால் விரலைப் பாருங்கள்.

இதையெல்லாம் நான் கற்றுவிட்டேன் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. சில வருடம் கழித்து மருதமுனையில் நெருப்புக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடப் போனோம். றாவியா பிள்ளைகளோடு வந்தாள். பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு தானும் வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினாள். வலது கை மடியில் மடங்கிக் கிடந்தது.

"றாவியா, இந்தா பார்" என்றேன். "நொந்தா நோகுதெண்டு சொல்லணும். எனக்குக் கோபம் வராது. சொல்லுவியா?"

"ஓம் மிஸ்ஸி."

"சத்தியமா?"

"ஓம் மிஸ்ஸி, சொல்றன்" என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் தோள்பட்டைக்குக் கீழே துடைத்தேன். குளிர் பட்டதும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மூடிய கண்ணோடு, "நோகல்ல மிஸ்ஸி, நோகவே இல்ல" என்றாள்.

ஊசி இன்னும் தட்டில்தான் கிடந்தது.